வலைக்குள் இடமில்லாதவர்: இளம் விக்கெட் கீப்பருக்குத் தனிப் பயிற்சி ஏன் வேண்டும்

கிரிக்கெட் பயிற்சிக்கூடத்தின் வலையை ஒருமுறை விக்கெட் கீப்பரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வலை, பின்னாலும் வலை. பேட்டிங் செய்பவருக்கு வருகிற ஒவ்வொரு பந்தும் பயிற்சி. பந்து வீசுபவருக்கும் அப்படியே. கீப்பர் நிற்க வேண்டிய இடத்தில் பின்வலை தொங்குகிறது. கொஞ்சம் இடம் விட்டுக் கட்டிய வலையில்கூட அவரை நிறுத்துவது ஆபத்து. சுழலும் மட்டைக்கும் வலைக்கும் நடுவே விலக வழியில்லாமல் மாட்டிக்கொள்வார். அணியின் அன்றாடப் பயிற்சி எதைச் சுற்றி நடக்கிறதோ, அதைக் கட்டும்போதே அவரை மறந்துவிட்டார்கள்.

ஆட்டத்துக்கு வந்தால் எல்லாம் மாறிவிடுகிறது. ஒரு நாளில் 90 ஓவர் வீசினால் 540 பந்து. 540 முறையும் கீப்பர் குந்தி எழ வேண்டும். பீல்டர் ஒருவர் நாள் முழுக்க நின்று பத்துப் பந்தைத்தான் தொட்டிருப்பார். பேட்ஸ்மேன் அடிக்காமல் விட்ட பந்து, அடிக்க முயன்று தவறிய பந்து, எல்லைக் கோட்டிலிருந்து எறியப்படும் பந்து எல்லாம் கீப்பரின் கைக்குத்தான் வருகின்றன. பதினோரு பேரில் அதிக வேலை செய்கிறவருக்குத்தான் நாம் மிகக் குறைவாகச் சொல்லித்தருகிறோம். இளம் கீப்பருக்குத் தனிப் பயிற்சி தேவையா, எந்த வயதில், யார் தருவது, நம் ஊரில் முடியுமா என்ற கேள்விகள் எல்லாம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

நம் ஊர் என்று நான் சொல்வது மறைமலை நகரையும் அதைச் சுற்றியுள்ள தொழிற்பட்டையையும். ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரி, காட்டாங்குளத்தூர், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு. மேற்கே திரும்பினால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் இறங்குபவர் பிள்ளையைக் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு அழைத்துப்போக முடியாது. அதனால் இங்கே பயிற்சி என்பது பெரும்பாலும் சனி, ஞாயிறுதான். அந்த இரண்டு காலைகளிலும் கீப்பர் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? கிளவுஸ் பைக்குள்ளேயே கிடக்க, தன் முறை வந்ததும் பேடு கட்டி பேட்டிங் செய்கிறான். பிறகு மற்றவர்களுக்குப் பந்து போடுகிறான், அல்லது பொறுக்கித் தருகிறான். கேட்ச் பயிற்சி நடந்தால் வரிசையில் அவனும் நிற்கிறான். அடுத்த வாரம் மேட்சில் முதல் பந்து லெக் சைடில் விலகிப் போய் பை நான்கு ரன் ஆனதும் எல்லாரும் அவனைப் பார்க்கிறார்கள்.

சென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1987-இல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் வேகப்பந்து வீச்சுக்கென்றே ஒரு பள்ளியை இந்நகரில் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியை வரவழைத்தார்கள். 2012-இல் அவர் இடத்துக்கு கிளென் மெக்ராத் வந்தார். சுழற்பந்து நாடான இந்தியாவில் வேகப்பந்தைக் கற்றுத்தர முடியும் என்று நம்பிய ஒரு டயர் கம்பெனி அதைச் செய்துகாட்டியது. ஓடிவரும் தூரம், முன்கால் ஊன்றும் கோணம், முதுகெலும்புக்கு வரும் பாரம் என்று வேகப்பந்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கற்பித்த நகரம் இது. கீப்பிங்கை அப்படிப் பிரித்துப் பார்த்துக் கற்பிக்க அந்த அளவில் ஒரு முயற்சி இங்கே நடக்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து டெஸ்ட் வரை போன கீப்பர்கள் என்றால் பரத் ரெட்டியும் தினேஷ் கார்த்திக்கும் நினைவுக்கு வருகிறார்கள். ரெட்டி 1979-இல் அணியின் வழக்கமான கீப்பர் கிர்மானி நீக்கப்பட்ட இங்கிலாந்துப் பயணத்தில் நான்கு டெஸ்டிலும் கீப்பிங் செய்தார். கிர்மானி திரும்பியதும் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை அதோடு முடிந்தது. கார்த்திக் 2004 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் தன் முதல் ஒருநாள் ஆட்டத்தில் இங்கிலாந்து கேப்டன் மைக்கேல் வாகனை ஸ்டம்பிங் செய்தார். அந்த ஒரு ஸ்டம்பிங் போதும், அவர் கை எப்படிப்பட்டது என்று சொல்ல. அந்த ஆண்டு டிசம்பரில் தோனி வந்தார். பிறகு கார்த்திக் அணியில் நீடிக்க பேட்ஸ்மேனாக வேண்டியிருந்தது; 2007 இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் தொடக்க ஆட்டக்காரராகவே இறங்கினார்.

தோனியின் பெயர் வந்தாலே ஒரு வாதமும் கூடவே வரும். கீப்பிங் பிறவிக் கொடை, கற்றுத்தர முடியாது, தோனி என்ன கீப்பிங் பயிற்சியா செய்தார் என்பார்கள். இந்திய அணியின் பீல்டிங் பயிற்சியாளராக இருந்த ஆர். ஸ்ரீதரும், தோனி கீப்பிங் பயிற்சியில் அதிக நேரம் செலவிட மாட்டார் என்று சொல்லியிருக்கிறார். சர்வதேச ஆட்டங்களில் 195 ஸ்டம்பிங் செய்தவரைப் பற்றிய இந்தச் செய்தி எத்தனையோ பயிற்சியாளர்களுக்கு வசதியான சாக்காகிவிட்டது. ஆனால் தோனி ராஞ்சிப் பள்ளியில் கால்பந்து கோல்கீப்பராக இருந்தவர். அங்கேயிருந்துதான் பள்ளியின் கிரிக்கெட் பயிற்சியாளர் அவரை ஸ்டம்புக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பந்தின் பாதையைப் படிப்பதும், உடலை அதற்குப் பின்னால் கொண்டுபோவதும், கையைக் கடைசிவரை இறுக்காமல் வைப்பதும் வேறொரு ஆட்டத்தில் அவருக்கு முன்பே பழகியிருந்தன. பயிற்சி இல்லாமல் வந்த கை அல்ல அது.

எண்களைப் போட்டுப் பார்த்தாலும் பிறவிக் கொடை என்ற வாதம் நிற்கவில்லை. சுழற்பந்து தரையில் பட்டு எழும்பிய பிறகு மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 18 மீட்டர். ஸ்டம்பை ஒட்டி நிற்கும் கீப்பரின் கைக்கும் மட்டைக்கும் இடையே இரண்டு மீட்டர்தான் இருக்கும். மட்டையின் விளிம்பில் உரசிய பந்து 0.11 நொடியில் கையை எட்டிவிடுகிறது. மனிதக் கண் ஒன்றைக் கண்டு கை அதற்கு ஏற்ப அசைய ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். ஆக, உரசலைப் பார்த்துவிட்டு யாரும் கையை நகர்த்திப் பிடிப்பதில்லை. எவ்வளவு பெரிய கீப்பரானாலும் முடியாது. மட்டை இல்லாவிட்டால் பந்து எங்கே வருமோ அங்கே கை முன்பே இருந்தாக வேண்டும். கை இறுக்கமின்றி இருந்தால் அந்தச் சிறு விலகலை உள்ளங்கை ஏற்றுக்கொள்ளும். இது பழக்கத்தால் வருவது. பழக்கம் பயிற்சியால் வருவது.

ரிஷப் பந்த்தின் கதையை இளம் கீப்பர்களின் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 2018 டிசம்பரில் அடிலெய்டில் ஒரே டெஸ்டில் 11 கேட்ச் பிடித்து உலக சாதனையைச் சமன் செய்தவர் அவர். அவற்றில் பெரும்பாலானவை வேகப்பந்துக்குப் பின்தள்ளி நின்று பிடித்தவை. ஸ்டம்பை ஒட்டி நின்று சுழற்பந்தைப் பிடிப்பது வேறு வித்தை. 2019 நவம்பரில் ராஜ்கோட்டில் வங்கதேசத்துக்கு எதிரான டி20-இல் லிட்டன் தாஸ் கிரீஸை விட்டு வெகுதூரம் வந்துவிட்டார், பந்த் ஸ்டம்பைத் தட்டியும்விட்டார். ஆனால் பந்தைப் பிடித்தபோது கிளவுஸின் ஒரு பகுதி ஸ்டம்புக்கு முன்னால் இருந்ததால் அது நோ பால் ஆனது. பந்து மட்டையையோ பேட்ஸ்மேனையோ தொடும் வரை, அல்லது ஸ்டம்பைக் கடக்கும் வரை, கீப்பர் முழுமையாக ஸ்டம்புக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது கிரிக்கெட் விதிகளில் 27-ஆவது விதி. இந்திய அணியின் கீப்பருக்கே அவசரத்தில் தவறியது. அடுத்த மாதம் தேர்வுக் குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத், தானும் டெஸ்ட் கீப்பராக இருந்தவர், பந்த்தைக் கீப்பிங்குக்கென்று தனிப் பயிற்சியாளரிடம் ஒப்படைக்கப்போவதாக அறிவித்தார். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில், முதல் நாளிலிருந்தே பந்து கண்டபடி திரும்பிய ஆடுகளத்தில், அஸ்வின் பந்தில் டான் லாரன்ஸை அதே பந்த் ஸ்டம்பிங் செய்தார். இடையில் இருந்தது பதினைந்து மாத உழைப்பு. இந்தியாவுக்கு ஆடும் 22 வயதுக்காரருக்குத் தனிப் பயிற்சி தேவை என்றால், நம் மைதானத்தில் நிற்கும் 13 வயதுப் பிள்ளைக்குத் தேவையில்லையா?

சரி, அந்தத் தனிப் பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்? உட்காரும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளைகள் குதிகாலில் பாரத்தைப் போட்டு, சம்மணமிடுவதற்கு முந்தைய நிலைபோல் குந்துவார்கள். அப்படிக் குந்தினால் எந்தப் பக்கமும் நகர முடியாது. பாரம் முன்பாதத்தில் இருக்க வேண்டும், கிளவுஸின் விரல்நுனி தரையைத் தொட வேண்டும், தலை அசையக்கூடாது. அடுத்தது எழும் நேரம். இதில்தான் பெரும்பாலான பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள். பந்து தரையில் படும் முன்பே எழுந்துவிடுகிறார்கள். தாழ்ந்து வரும் பந்து காலுக்கு நடுவே போய்விடுகிறது. பந்து எழும்பும்போது அதோடு சேர்ந்து எழ வேண்டும் என்பதை வாயால் சொல்லிப் பயனில்லை. அண்டர்ஆர்மில் நூறு பந்து தாழ்வாகப் போட்டுப் போட்டுத்தான் உடலுக்குப் புரியவைக்க முடியும்.

இங்கே நம் ஊர்க் களத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நகரத்துக்கு வெளியே பிள்ளைகள் பெரும்பாலும் மேட்டிங்கில்தான் ஆடி வளர்கிறார்கள். மேட்டிங்கில் பந்து ஒரே சீராக எழும்பும், இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். அதில் சீக்கிரம் எழுந்து பிடித்துப் பழகிய பிள்ளை மாவட்ட அணித் தேர்வுக்கு டர்ஃப் ஆடுகளத்துக்குப் போனதும் திணறுகிறான். அங்கே ஒரு பந்து எழும்பும், அடுத்தது முழங்காலுக்குக் கீழே வரும். அவன் திறமையில்லாதவன் என்று எழுதிவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாளாவது வெறும் மண் தரையில், மேடும் பள்ளமுமான இடத்தில் டென்னிஸ் பந்தை வைத்துப் பயிற்சி தந்திருந்தால் அவன் தப்பித்திருப்பான். அதற்குச் செலவே இல்லை.

பிறகு லெக் சைடு. பள்ளி அளவில் பந்துவீச்சாளர்களுக்கு இன்னும் கட்டுப்பாடு வந்திருக்காது. பாதிப் பந்து கால் பக்கம்தான் போகும். பேட்ஸ்மேனின் உடல் நடுவே வந்து பார்வையை மறைக்கும். அந்த ஒரு கணம் பந்தைப் பார்க்காமலே நகர வேண்டும். கையை மட்டும் நீட்டினால் போகாது, கால் போக வேண்டும், தலையும் கூடவே போக வேண்டும். பயிற்சியாளர் ஒருவர் ஸ்டம்புக்கு முன்னால் மட்டையோடு நின்று வேண்டுமென்றே பந்தைத் தவறவிட, இன்னொருவர் லெக் ஸ்டம்புக்கு வெளியே பந்தைப் போட வேண்டும். இதற்கு மூன்று பேர் வேண்டும், பொறுமையும் வேண்டும். தனிப் பயிற்சி இல்லாத இடத்தில் இதற்கு யாரும் மெனக்கெடுவதில்லை.

1988 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டில் 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தது எல்லாருக்கும் தெரியும். அதே ஆட்டத்தில் கிரண் மோரே ஆறு ஸ்டம்பிங் செய்தார், அதில் ஐந்து ஒரே இன்னிங்ஸில். இரண்டும் உலக சாதனை. மேற்கிந்தியத் தீவுகளின் அதிரடி பேட்ஸ்மேன்கள் இறங்கி வந்து அடிக்கப் பார்த்தார்கள். பின்னால் ஒருவர் காத்திருந்தார். ஹிர்வானியின் பெயரைச் சொல்லும் நாம் மோரேவின் பெயரையும் அதே மூச்சில் சொல்லியிருந்தால், சேப்பாக்கத்தைப் பார்த்து வளர்ந்த ஊரில் கீப்பிங் பள்ளி ஒன்று வந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றும். மோரே பிற்காலத்தில் இளம் கீப்பர்களுக்குக் கற்பிப்பதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டார். இந்தியப் பெண்கள் அணிக்கு ஆடிய கீப்பர் யாஸ்திகா பாட்டியா பரோடாவில் அவரிடம் பயின்றவர்.

தனியாகப் பயிலவும் வழி உண்டு. ஆஸ்திரேலியாவின் இயன் ஹீலி, 119 டெஸ்டில் 395 பேரை ஆட்டமிழக்கச் செய்தவர், கோல்ஃப் பந்தைச் செங்கல் சுவரில் எறிந்து திரும்பி வருவதைப் பிடித்துப் பயின்றார். சின்னப் பந்து, வேகமாகத் திரும்பும், செங்கலின் இடுக்கில் பட்டால் எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. மறைமலை நகரில் சுவருக்குப் பஞ்சமில்லை. கோல்ஃப் பந்து இல்லையென்றால் ரப்பர் பந்து போதும். தினமும் பள்ளி விட்டு வந்ததும் கால் மணி நேரம் செய்தால், வார இறுதிப் பயிற்சி கொடுக்காததில் பாதியை இது ஈடுகட்டும். ஆனால் யாராவது ஒருவர் வந்து, எப்படிக் குந்த வேண்டும், எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று முதலில் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். தவறாகப் பழகிய கை, சுவரில் எத்தனை மணி நேரம் பயின்றாலும் அந்தத் தவறில்தான் உறுதிப்படும்.

எந்த வயதில் தொடங்குவது என்பதில் நல்ல பயிற்சியாளர்களுக்கு நடுவேயே கருத்து வேறுபாடு உண்டு. பத்து வயதிலேயே இவன் கீப்பர் என்று முத்திரை குத்திவிட்டால் பிள்ளை பந்து வீசவே மாட்டான், வெளிக்களத்தில் ஓட மாட்டான், ஆட்டத்தின் மற்ற பக்கங்கள் தெரியாமலே வளர்வான் என்பது ஒரு தரப்பு. கை பழகும் வயது அதுதான், பதினைந்தில் தொடங்கினால் எழும் நேரத்தை மாற்றவே முடியாது என்பது இன்னொரு தரப்பு. நான் முதல் தரப்பின் பக்கம் சாய்கிறேன், ஆனால் ஒரு திருத்தத்தோடு. பன்னிரண்டு வயது வரை எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்துக் கிளவுஸ் போடட்டும். தெருவில் கடைக்குட்டியை அல்லது ஆடத் தெரியாதவனைப் பிடித்துக் கீப்பராக நிறுத்தும் பழக்கத்தைப் பயிற்சிக்கூடமும் தொடரக்கூடாது. அப்படி முறைவைத்துப் போடும்போதே யாருக்குப் பந்து ஒட்டுகிறது, யார் கடைசி ஓவரிலும் கவனம் கலையாமல் இருக்கிறார், யார் சத்தம் கொடுத்து அணியை எழுப்புகிறார் என்று தெரிந்துவிடும். பதின்மூன்றிலிருந்து அவர்களுக்கு ஒவ்வொரு பயிற்சி நாளிலும் அரை மணி நேரம் தனியாக ஒதுக்க வேண்டும். முழு நாளும் கீப்பிங் என்று ஆக்கிவிடக் கூடாது. அதற்குக் காரணம் உடல். பதின்மூன்று, பதினான்கில் எலும்பு வேகமாக வளரும். ஓயாமல் குந்தி எழும் பிள்ளைக்கு முழங்கால் சிப்பிக்குக் கீழே வலியும் வீக்கமும் வரலாம். மருத்துவர்கள் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் வலி என்று சொல்லும் பிள்ளையை சோம்பேறி என்று திட்டினால் அவன் சொல்வதையே நிறுத்திவிடுவான்.

பேட்டிங் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்வியைக் கடக்க முடியாது. நூறு ஆண்டுக்கு முன் ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய பெர்ட் ஓல்ட்ஃபீல்ட் 54 டெஸ்டில் 130 பேரை ஆட்டமிழக்கச் செய்தார். அதில் 52 ஸ்டம்பிங். தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர் 555 பேரில் 23 பேரைத்தான் ஸ்டம்பிங் செய்தார். வேகப்பந்து ஆட்டத்தை மாற்றியது, கீப்பரின் வேலையும் மாறியது. 1999-இல் ஆடம் கில்கிறிஸ்ட் டெஸ்டுக்கு வந்த பிறகு கீப்பர் என்றால் ரன்னும் அடிக்க வேண்டும் என்றானது. விருத்திமான் சாஹாவை 2019-இல் உலகின் சிறந்த கீப்பர் என்று விராட் கோலியே சொன்னார். 2020 டிசம்பரில் அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்டதும் அடுத்த டெஸ்டில் சாஹாவின் இடத்துக்குப் பந்த் வந்துவிட்டார். நம் மாநிலத்தின் நாராயண் ஜெகதீசனை நாடு திரும்பிப் பார்த்ததும் 2022 நவம்பரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277 அடித்தபோதுதான். 2025 ஜூலையில் ஓவல் டெஸ்டுக்கு இந்திய அணியில் அழைக்கப்பட்டார். பேட்டிங் தெரியாத கீப்பருக்கு இன்று மேல்நிலையில் இடமில்லை என்பதைப் பிள்ளையிடமிருந்து மறைப்பது நியாயமல்ல.

ஆனால் இந்த நிலைக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்கோர் புத்தகத்தில் கீப்பர் பிடித்த கேட்ச் இருக்கிறது, ஸ்டம்பிங் இருக்கிறது, பை இருக்கிறது. அவர் விட்ட கேட்ச் இல்லை. தவறிய ஸ்டம்பிங் இல்லை. பேட்ஸ்மேன் எடுத்த ஒவ்வொரு ரன்னும் பதிவாகிறது. கீப்பரின் வேலையில் பெரும்பகுதி பதிவாகாமலே காற்றோடு போகிறது. தேர்வாளர் தாளைப் பார்த்தால் பேட்டிங் சராசரிதான் கண்ணில் படும். ஒவ்வொரு பயிற்சிக்கூடமும் தன் கீப்பருக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வந்த வாய்ப்பு எத்தனை, பிடித்தது எத்தனை, எந்தப் பக்கம் தவறியது, எத்தனையாவது ஓவரில் தவறியது என்று எழுதத் தொடங்கலாம். வெளியே உட்கார்ந்திருக்கும் பெற்றோர் ஒருவரே எழுதிவிடுவார். ஒரு சீசன் முடிவில் அந்த நோட்டு பயிற்சியாளருக்கு எங்கே வேலை செய்ய வேண்டும் என்று காட்டும். தேர்வாளரிடம் நீட்டவும் கையில் ஒன்று இருக்கும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2000-ஆம் ஆண்டு டாக்காவில் ஆசியக் கோப்பை ஆட்டத்தில் கும்ப்ளேயின் பந்து எகிறி சபா கரீமின் வலது கண்ணில் பட்டது; அவருடைய ஆட்ட வாழ்க்கையையே அது சுருக்கிவிட்டது. 2012 ஜூலையில் இங்கிலாந்தின் டான்டனில், இம்ரான் தாஹிர் பந்தில் ஸ்டம்ப் தெறித்தபோது பெய்ல் பறந்து வந்து பவுச்சரின் இடது கண்ணில் குத்தியது. 147 டெஸ்ட் ஆடியவர், ஹெல்மெட் இல்லாமல் நின்றிருந்தார். அதன்பின் அவர் ஆடவேயில்லை. இரண்டு பேரையும் வீழ்த்தியது சுழற்பந்து வீச்சு என்பதைக் கவனிக்க வேண்டும். வேகம் இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நினைப்பது எவ்வளவு தவறு! 2023 ஜூன் முதல் சர்வதேச ஆட்டங்களில் ஸ்டம்பை ஒட்டி நிற்கும் கீப்பருக்கு ஹெல்மெட் கட்டாயம். இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்தக் கட்டாயம் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. நம் மைதானங்களில் பேட்ஸ்மேனுக்கு ஹெல்மெட் கேட்கிறோம், கீப்பரைத் தொப்பியோடு ஸ்டம்புக்குப் பின்னால் அனுப்புகிறோம். ஹெல்மெட் இல்லையென்றால் ஒட்டி நிற்காதே, இரண்டடி தள்ளியே நில், ஸ்டம்பிங் போனால் போகட்டும் என்று சொல்லும் துணிவு பயிற்சியாளருக்கு வேண்டும்.

யார் கற்பிப்பது என்பது அடுத்த தடை. இந்திய அணியிலேயே பேட்டிங்குக்கும் பௌலிங்குக்கும் தனித்தனிப் பயிற்சியாளர் இருக்க, கீப்பிங் பொதுவாக பீல்டிங் பயிற்சியாளரின் பொறுப்பில்தான் விடப்படுகிறது. இங்கிலாந்தில் முன்னாள் கீப்பர் புரூஸ் ஃபிரெஞ்ச் தேசிய அணியின் கீப்பர்களோடு வேலை செய்தார். தடுமாறிக்கொண்டிருந்த மேட் பிரையரை நம்பகமான கீப்பராக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2021-இல் சஸ்ஸெக்ஸ் கவுண்டி தன் ஆண்கள் அணியின் கீப்பிங் பயிற்சிக்கு இங்கிலாந்துப் பெண்கள் அணியின் முன்னாள் கீப்பர் சாரா டெய்லரை நியமித்தது. நமக்கு அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. சென்னை லீக் ஆட்டங்களை வளர்த்ததே கம்பெனி அணிகளும் வங்கி அணிகளும்தான். அந்த அணிகளிலும் கீழ் டிவிஷன்களிலும் கீப்பிங் செய்து ஓய்ந்தவர்கள் இந்தச் சாலை நெடுக எங்கோ வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்தால் போதும். ஒவ்வொரு பயிற்சிக்கூடமும் தனியாக ஆள் வைக்க வேண்டியதில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரை, அங்கிருந்து ஒரகடம் வரை உள்ள கூடங்கள் சேர்ந்து, ஒரே கீப்பிங் பயிற்சியாளரை வாரம் ஓரிடமாகச் சுற்றிவரச் செய்யலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாக் கீப்பர் பிள்ளைகளையும் ஒரே மைதானத்தில் சேர்க்கலாம். தன்னைப்போல் இன்னும் இருபது பேர் இருக்கிறார்கள் என்று பார்ப்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய பலம். அவன் கூடத்தில் அவன் ஒருவன்தானே கீப்பர்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு இந்தத் தொழிற்பட்டையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சியும் இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் உண்டு. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் செய்யும் பெரிய நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு டயர் கம்பெனி 1987-இல் வேகப்பந்துக்குச் செய்ததில் சிறு பங்கு கேட்டாலே போதும்: ஒரு பயிற்சியாளரின் சம்பளம், நாலைந்து சைஸில் கிளவுஸ், ஹெல்மெட். ஸ்லிப் கிரேடில் என்கிற வளைந்த மரச்சட்டத்தை வாங்கக்கூட வேண்டாம். பந்தை எறிந்தால் எந்தக் கோணத்தில் தெறிக்கும் என்று தெரியாதபடி எகிறவைக்கும் சாதனம் அது. கீப்பர் பயிற்சிக்கு அதைப்போல் உதவுவது வேறில்லை. இரும்புச் சட்டமும் மரப்பலகையும் கொடுத்தால் இங்குள்ள வெல்டிங் பட்டறை ஒன்றில் ஒரு நாளில் செய்துகொடுத்துவிடுவார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் நடந்த பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்தில் 16 வயது ஜி. கமலினியை மும்பை இந்தியன்ஸ் ரூ.1.6 கோடிக்கு எடுத்தது. தமிழ்நாட்டுப் பெண், இடதுகை பேட்டர், கீப்பர். 2025 பிப்ரவரியில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் அவர் இருந்தார். அந்த ஏலத்துக்குப் பிறகு மகளுக்குக் கிளவுஸ் வாங்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் இந்தச் சாலை நெடுகவும் இருப்பார்கள். ஆனால் பயிற்சிக்கூடத்தின் பொதுப் பையில் இருப்பது பெரும்பாலும் பெரியவர்கள் சைஸ் கிளவுஸ்தான். சின்னக் கைக்கு அது ஆடும். பந்து விரல்நுனியில் பட்டு விரல் பிசகும். ஒரு மாதத்தில் கீப்பிங் வேண்டாம் என்று அவள் சொல்லிவிடுவாள். அவளுக்குப் பொருந்தும் கிளவுஸும் உள்ளே போடும் இன்னரும் வாங்கி வைத்துவிட்டு, அடுத்த கோடைக்கால கேம்ப்பில் வலைக்கு வெளியே மூன்று ஸ்டம்பை நட்டு, அந்த அரை மணி நேரத்தை அவளுக்கும் அவளைப்போன்ற மற்றவர்களுக்கும் கொடுத்துப் பார்க்கலாம்.